மழை இறங்கும் மலைச்சரிவை முடிவுறு மூலக முறையில் கணிப்பது எப்படி

ஒரு மலைச்சரிவுக்குப் "பாதுகாப்புக் காரணி 1.3" (மண்ணின் தாங்கு வலுவை அதைக் கீழே இழுக்கும் விசையால் வகுத்தது, 1.0 இற்குக் கீழே போனால் சரிவு இறங்கும்) என்று ஒற்றை எண்ணை யாராவது எழுதிக் கொடுத்தால், அது எந்த நாளுக்கான எண் என்று கேட்க வேண்டும். மாசியில் 1.3 ஆக நிற்கும் அதே சரிவு, ஐப்பசி அடைமழையின் மூன்றாம் நாள் 1.0 இற்குக் கீழே போகலாம். மண் மாறவில்லை, சரிவின் கோணமும் மாறவில்லை. மாறியது துளைகளுக்குள் நிற்கும் நீரின் அமுக்கம். 2014 ஒக்டோபர் 29இல் இலங்கையின் கொஸ்லந்தை மீரியபெத்தையிலும், 2016 மே 17இல் அரநாயக்கவிலும் சரிவுகள் கடும் மழையை அடுத்துத்தான் இறங்கின. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே இருக்கும் மலையைக் கணிக்கிறோம் என்றால், விடையாக வர வேண்டியது நேரத்தோடு ஏறி இறங்கும் ஒரு வளைகோடு.

சரிவைச் சிறு மூலகங்களாகப் பிரித்துத் தீர்க்கும் முடிவுறு மூலக முறையால் அந்த வளைகோட்டைப் பெறும் வழியை இங்கே தருகிறோம். வடிவச் சார்பு, விறைப்புத் தாயம், கவுஸ் தொகையீடு ஆகியவற்றைப் பல்கலைக்கழகத்தில் ஒரு தடவை படித்தவர்களுக்கானது இது. மென்பொருள் எதுவாகவும் இருக்கலாம். வலைக்கு ஜிமெஷ், தீர்வுக்கு ஃபீனிக்ஸ், படத்துக்கு பராவியூ என்ற இலவசக் கூட்டணி இந்த வேலைக்குப் போதும். பத்தாயிரம் மூலகங்கள் கொண்ட இரு பரிமாணக் கணக்கைச் சாதாரண மடிக்கணினியே தாங்கும்.

முதலில் கையால் ஒரு கணக்கு

கணினியைத் திறக்குமுன், சரிவு முடிவின்றி நீள்வதாகக் கொள்ளும் முடிவிலிச் சரிவுக் கணக்கைத் தாளில் போடுங்கள். பின்னால் வரும் எல்லா விடைகளையும் சரிபார்க்க இதுதான் உரைகல்.

பாதுகாப்புக் காரணி = [பிணைவு + (செங்குத்துத் தகைப்பு − நீரமுக்கம்) × தான்(உராய்வுக் கோணம்)] ÷ வெட்டுத் தகைப்பு

இங்கே பிணைவு என்பது மண் துகள்கள் ஒட்டிக்கொள்ளும் வலு, செங்குத்துத் தகைப்பு வழுக்கும் தளத்துக்குச் செங்குத்தாக அழுத்துவது, வெட்டுத் தகைப்பு அந்தத் தளத்தின் வழியே கீழே இழுப்பது. உதாரணமாக, 30 பாகைச் சரிவு. உக்கிய பாறைக்கு மேலே 4 மீற்றர் ஆழத்துக்குச் சரிவில் வந்து குவிந்த மண். அலகு நிறை கனமீற்றருக்கு 18 கிலோநியூட்டன், பிணைவு 5 கிலோபாஸ்கல், உராய்வுக் கோணம் 32 பாகை. மண்ணும் பாறையும் சந்திக்கும் தளத்தில் செங்குத்துத் தகைப்பு 54 கிலோபாஸ்கல், வெட்டுத் தகைப்பு 31.2 கிலோபாஸ்கல். நீரமுக்கம் பூச்சியமானால் காரணி 1.24. மண் அரைகுறையாக நனைந்து, 10 கிலோபாஸ்கல் உறிஞ்சலும் (நிரம்பாத மண் நீரை இழுத்துப் பிடிக்கும் எதிர் அமுக்கம்) 0.46 நிரம்பலும் (துளைக் கொள்ளளவில் நீர் நிற்கும் பங்கு) இருந்தால், அந்த உறிஞ்சல் 4.6 கிலோபாஸ்கல் இறுக்கத்தைக் கூட்டும், காரணி 1.33. சரிவுக்குச் சமாந்தரமாக ஓடும் நீர் பாறைக்கு மேலே 2 மீற்றர் ஏறினால் 0.95. காரணி சரியாக 1.0 ஆவதற்கு நீர் 1.65 மீற்றர் ஏறினால் போதும்.

இன்னொரு படி மேலே போய்ப் பாருங்கள். துளைகளில் நீர் ஏறி இறங்கக்கூடிய கொள்ளளவு 0.352 என்றும் நிரம்பல் 0.46 என்றும் கொண்டால், 1.65 மீற்றரை முழுதாக நிரப்பத் தோராயமாக 310 மில்லிமீற்றர் நீர் வேண்டும். முந்தைய வாரத்து மழையால் நிரம்பல் ஏற்கெனவே 0.8 ஆக இருந்தால் ஏறத்தாழ 116 மில்லிமீற்றரே போதும். பக்கவாட்டு ஒழுக்கையும் மேலிருந்து வரும் நீரையும் இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. ஆனாலும் தொடக்க ஈரம்தான் முழுக் கணக்கின் உயிர்நாடி என்பதை இது காட்டிவிடுகிறது. கீழே தொடக்க நிலைக்கு நாம் இவ்வளவு இடம் ஒதுக்குவது அதனால்தான்.

எந்தச் சமன்பாடுகள், எப்படி இணைப்பது

இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று, நிரம்பாத மண்ணில் நீர் நகர்வதற்கான ரிச்சர்ட்ஸ் சமன்பாடு. மற்றது, மண்ணின் தகைப்புச் சமநிலை. அணைக்கட்டில் நீர்மட்டம் திடீரென இறங்குவது, மென்களிமண் அமுங்குவது போன்றவற்றுக்கு இரண்டையும் ஒரே தாயத்தில் முழுதாக இணைத்துத் தீர்க்க வேண்டும். மழை இறங்கும் சரிவுக்கு அது அவசியமில்லை. நீர்க் கணக்கைத் தனியே ஓட்டி, வேண்டிய நேரங்களில் அமுக்கப் புலத்தை எடுத்துத் தகைப்புக் கணக்குக்கு ஊட்டினால் போதும். பிழை வந்தால் எந்தப் பக்கம் வந்தது என்று கண்டுபிடிப்பதும் இப்படித்தான் எளிது.

ரிச்சர்ட்ஸ் சமன்பாட்டை மூன்று வடிவங்களில் எழுதலாம். நீரமுக்க உயரத்தை (அமுக்கத்தை நீர்த்தூணின் மீற்றரில் சொல்வது) மட்டும் மாறியாகக் கொண்ட வடிவத்தைத் தவிருங்கள். நேரப்படி பெரிதாகும்போது அது நீரைத் தொலைத்துவிடும். 100 மில்லிமீற்றர் மழை கொடுத்து மண்ணுக்குள் 85 மட்டும் சேர்ந்திருப்பதைக் காண்பீர்கள், மீதி எங்கும் போயிருக்காது. ஈரஅளவின் நேர மாற்றத்தை அப்படியே வைத்திருக்கும் கலப்பு வடிவமே சரி. செலியாவும் உடன் ஆய்வாளர்களும் 1990இல் காட்டிய திருத்திய பிக்கார்ட் முறை (ஊகித்த விடையைச் சுற்றுச் சுற்றாகத் திருத்துவது) இதற்கு நன்றாக உழைக்கிறது.

மண்ணின் நீர்ப்பிடிப்புக்கு, உறிஞ்சல் கூடக் கூட ஈரம் எப்படிக் குறைகிறது என்று காட்டும் வான் கெனுக்டன் வளைகோடு. அளந்த தரவு கைக்கு வரும்வரை மணலும் வண்டலும் களியும் கலந்த இருவாட்டி மண்ணுக்குப் பரவலாக எடுக்கப்படும் பெறுமதிகளோடு தொடங்கலாம்: எச்ச ஈரம் 0.078, நிரம்பிய ஈரம் 0.43, வளைகோட்டின் வடிவ எண்களான அல்பா மீற்றருக்கு 3.6, அடுக்கெண் 1.56, நிரம்பிய நிலையில் ஊடுவிடுதிறன் (மண் நீரைக் கடத்தும் வேகம்) செக்கனுக்கு 2.9 × 10⁻⁶ மீற்றர். இவை தொடக்கத்துக்கு மட்டுமே. பழைய தேயிலை வேர் அழுகிய துவாரங்கள், கறையான் புற்று, சரிவின் தலைப்பகுதி வெடிப்புகள் எல்லாம் உண்மையான ஊடுவிடுதிறனைப் பத்து மடங்குகூட உயர்த்தலாம். ஆகவே பத்து மடங்கு கூட்டியும் குறைத்தும் கணக்கை ஓட்டாமல் முடிவு சொல்லாதீர்கள்.

வெட்டுமுகமும் வலையும்

சமவுயரக் கோடுகளுக்குச் செங்குத்தாக, கீழே உள்ள குடியிருப்பு வழியே வெட்டுமுகம் எடுங்கள். சரிவின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் அடிவாரத்துக்கு முன்னாலும், இரண்டரை மடங்கு உச்சிக்குப் பின்னாலும், ஒரு மடங்காவது கீழேயும் நீளட்டும். பக்கங்களில் கிடை நகர்வை மட்டும் தடுங்கள், அடியில் இரண்டையும் தடுங்கள்.

அடுக்குகளைச் சரியாகப் பிரிப்பதில்தான் மலையகத்துச் சரிவு மற்ற இடங்களிலிருந்து வேறுபடுகிறது. மேலே சரிவில் வந்து குவிந்த கல்லும் மண்ணும், அதன் கீழே பாறை உக்கி அங்கேயே மண்ணான அடுக்கு, பிறகு அரைகுறையாக உக்கிய பாறை, கடைசியில் தாய்ப்பாறை. வழுக்கும் தளம் பெரும்பாலும் இந்த எல்லைகளில் ஒன்றில் அமையும். எல்லையை ஒரே கோடாக வரைந்து விட்டுவிடாமல், அரை மீற்றர் தடிப்புள்ள தனி அடுக்காகக் கொடுத்து, அதன் குறுக்கே குறைந்தது நான்கு மூலகங்கள் வையுங்கள்.

தகைப்புக்கு ஆறு கணு முக்கோணம், அல்லது 2 × 2 குறைத்த தொகையீட்டோடு எட்டுக் கணு நாற்பக்கம். மூன்று கணு முக்கோணத்தைத் தொடவே வேண்டாம். விரிவுக் கோணம் (வெட்டுப்படும்போது மண் எவ்வளவு பருக்கும் என்பதன் அளவு) பூச்சியமாக இருக்கும்போது மண் கனவளவு மாறாமல் பாய வேண்டும். மூன்று கணு முக்கோணத்தால் அப்படி வளைய முடியாது, அது இறுகிப் பூட்டிக்கொள்ளும். விளைவு, சரிவு உண்மையில் இருப்பதைவிட உறுதியானதாகத் தெரியும். ஒரு வீட்டின் தலைக்கு மேலுள்ள மண்ணைப் பற்றிய கணக்கில் இதைவிட ஆபத்தான பிழை இல்லை.

நீருக்கு மூலை முனைக் கணுக்களில் நேர்கோட்டு இடைமதிப்பீடு போதும். ஆனால் நீர் இறங்கும் நிரம்பாத மண்ணில் மூலகத்தின் உயரம் அல்பாவின் தலைகீழை, இங்கே 0.28 மீற்றரை, மிஞ்சக் கூடாது. மேற்பரப்பில் 0.1 மீற்றரில் தொடங்கி, எப்போதும் நிரம்பியிருக்கும் ஆழத்தில் மட்டும் படிப்படியாக 1 மீற்றர் வரை விடலாம். ஒரே வலையை இரண்டு கணக்குக்கும் வைத்துக்கொண்டால் புலத்தை இடம் மாற்றும் தொல்லை இருக்காது.

நீரின் எல்லை நிபந்தனைகள்

பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது, ஆகவே பொறுமையாக.

மழைமானி அளப்பது கிடைப்பரப்பில் விழும் நீரை. சாய்ந்த மேற்பரப்புக்குச் செங்குத்தான பாய்வைக் கொடுக்கும்போது சாய்வுக் கோணத்தின் கோசைனால் பெருக்குங்கள். 30 பாகையில் அது 0.866. மறந்தால் 15 வீதம் கூடுதல் மழையைச் சரிவுக்குள் இறக்கிவிடுவீர்கள்.

மேற்பரப்பு நிபந்தனை தானாக மாற வேண்டும். மழை குறைவாக இருக்கும்வரை பாய்வைக் கொடுங்கள். ஒரு கணுவில் நீரமுக்க உயரம் பூச்சியத்தைத் தொட்டதும் அங்கே உயரத்தைப் பூச்சியமாகக் கட்டுங்கள், மிகுதி வழிந்தோடியதாகக் கணக்காகும். உள்ளே போகும் பாய்வு மழையைவிடக் கூடிவிட்டால் மீண்டும் பாய்வு நிபந்தனைக்குத் திரும்புங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் எச்சரிக்கை மட்டங்களை வைத்து இதைப் பாருங்கள். 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் என்பது செக்கனுக்கு 1.7 × 10⁻⁶ மீற்றர், மேலே சொன்ன இருவாட்டி மண் அதை முழுதாக விழுங்கிவிடும். ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்பது 2.1 × 10⁻⁵, அதில் பெரும்பகுதி வழிந்தோடும். ஆழமான சரிவுகளுக்கு ஒரு மணிநேரக் கொட்டலைவிட நாள் முழுதும் விடாமல் பெய்யும் மழை ஏன் கொடியது என்பது இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது.

அடிவாரத்திலும் வெட்டிய மண்சுவர்களிலும், நீர் வெளியே வரக்கூடிய எல்லையான கசிவு முகம் வையுங்கள். நிரம்பிய இடத்தில் உயரம் பூச்சியம், நிரம்பாத இடத்தில் பாய்வு பூச்சியம், ஒவ்வொரு சுற்றிலும் மாற்றிச் சரிபார்க்க வேண்டும். மலைப்பக்க ஓர எல்லையை மூடிவிடாதீர்கள். மேலேயுள்ள நீரேந்து பகுதியிலிருந்து வரும் நீருக்கு அங்கே ஒரு பாய்வு வேண்டும். பள்ளமடிந்த சரிவுகளில் இருபுறத்து நீரும் நடுவே சேர்கிறது, இரு பரிமாண வெட்டுமுகம் அதைக் காணாது. "இரு பரிமாணக் கணக்கு எப்போதும் பாதுகாப்பான பக்கம் நிற்கும்" என்ற வழக்கமான நம்பிக்கை தகைப்புக்குப் பெரும்பாலும் பொருந்தும், பள்ளத்து நீருக்குப் பொருந்தாது.

தோட்டத்துக்கே உரிய இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம். தேயிலை மலையில் வெட்டிய கான் (வடிகால்) மண் நிரம்பி அடைபட்டால் அதில் நீர் தேங்கி நிற்கும். அந்தக் கணுக்களுக்கு 0.3 மீற்றர் உயரம் கொடுத்து ஒரு தடவை ஓட்டுங்கள். லயத்துத் தண்ணீர்ப் பீலியிலிருந்தும் குளிக்கும் இடத்திலிருந்தும் வழியும் நீர் சரிவுக்குள் இறங்கினால் அதையும் ஒரு நிலையான பாய்வாகச் சேருங்கள். துப்புரவாகச் சுத்தம் செய்த கானுக்கும் அடைபட்ட கானுக்கும் காரணியில் எவ்வளவு வித்தியாசம் என்று காட்டும் இரண்டு வளைகோடுகள், தோட்ட நிர்வாகத்திடம் மண்வெட்டிக்கும் ஆட்களுக்கும் பேசும்போது நல்ல ஆயுதம்.

தொடக்க நிலை

நிலத்தடி நீர்மட்டத்திலிருந்து மேலே நேர்கோடாக உறிஞ்சல் கூடுவதாகத் தொடங்குவது மென்பொருள்களின் சுலப வழி. நீர்மட்டம் 20 மீற்றர் ஆழத்தில் இருந்தால் மேற்பரப்பில் 196 கிலோபாஸ்கல் உறிஞ்சல் வரும். மழைக்காட்டு ஈரத்தில் வாழும் மண்ணுக்கு அது பொய்யான பலம்.

சரியான வழி இது. நீண்டகாலச் சராசரி ஊறலை, உதாரணமாக நாளுக்கு 1.5 மில்லிமீற்றரை, கொடுத்து நிலையான தீர்வு எடுங்கள். அதிலிருந்து, கணிக்கப் போகும் மழைக்கு முந்தைய 30 நாட்களின் உண்மையான தினசரி மழையை ஓட்டுங்கள். பிறகுதான் பெருமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையும், மேற்குச் சரிவுகளுக்குத் தென்மேற்குப் பருவக் காலமும் முக்கியம்.

நேரப்படிகளும் தீர்வும்

60 செக்கனில் தொடங்குங்கள். ஒரு படி நான்கு சுற்றுக்குள் ஒருங்கினால் (விடை மேலும் மாறாமல் நின்றால்) அடுத்த படியை 1.3 மடங்காக்குங்கள். எட்டுச் சுற்றைத் தாண்டினால் பாதியாக்கி மறுபடி செய்யுங்கள். மழை பெய்யும்போது உச்ச வரம்பு 1800 செக்கன். முதல் சில சுற்றுகளைப் பிக்கார்ட் முறையிலும், எச்சம் (மீதப் பிழை) இறங்கத் தொடங்கியதும் நியூட்டன் முறையிலும் செய்தால் காய்ந்த மண்ணிலும் சிக்காது.

நனையும் முகப்புக்குச் சற்று முன்னால் மண் திடீரென இன்னும் காய்ந்துபோவதாக விடை காட்டினால் அது நேரப்படியின் நோய். சேமிப்புத் தாயத்தை அப்படியே வைத்தால் நேரப்படி ஓர் அளவுக்குக் கீழே போகக் கூடாது. அந்த அளவு, நீர்க்கொள்ளளவு × மூலக உயரத்தின் வர்க்கம் ÷ (6 × ஊடுவிடுதிறன்). மேலே சொன்ன மண்ணில் உறிஞ்சல் 3 மீற்றர் உயரமாக இருக்கும்போது கொள்ளளவு மீற்றருக்கு 0.017, ஊடுவிடுதிறன் 1.1 × 10⁻¹⁰. மூலகம் 0.1 மீற்றர் என்றால் அந்தக் கீழ் வரம்பு ஏறத்தாழ இரண்டரை இலட்சம் செக்கன், மூன்று நாள். மூன்று நாள் படியில் மழையைக் கணிக்க முடியாது. தாயத்தின் ஒவ்வொரு வரிசையையும் கூட்டி மூலைவிட்டத்தில் குவித்துவிடுங்கள், இந்த நோய் போய்விடும்.

ஒவ்வொரு படியிலும் நீர்வரவையும் சேமிப்பையும் ஒப்பிட்டு எழுதுங்கள். வேறுபாடு 1 வீதத்தைத் தாண்டினால் அந்த ஓட்டத்தைத் தூக்கிப் போடுங்கள், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

வலுக் குறைப்பு

தகைப்புக் கணக்கில் ஈர்ப்பைப் பத்துப் படிகளாக ஏற்றுங்கள். சமதரைக்கான கிடைத்தகைப்பு விகிதத்தைச் சரிவில் நேரடியாகக் கொடுக்காதீர்கள், சமநிலை குலைந்தே தொடங்கும். ஈர்ப்பு ஏறி முடிந்ததும் இடப்பெயர்ச்சிகளைப் பூச்சியமாக்குங்கள். மண் துகள்கள் உண்மையில் தாங்கும் பயன்படு தகைப்பை பிஷப் வடிவில் எடுத்து, உறிஞ்சலை நிரம்பலால் பெருக்குங்கள். குறியீட்டில் கவனம் வேண்டும். மண்பொறியியலில் நெருக்கம் நேர், பெரும்பாலான முடிவுறு மூலக நிரல்களில் இழுவை நேர். நீரமுக்கம் எதிர்க் குறியோடு உள்ளே போனால், மழை பெய்யப் பெய்யச் சரிவு பலமடைவதைக் காண்பீர்கள்.

மண்ணின் வலுவைப் பிணைவாலும் உராய்வாலும் சொல்லும் மோர்–கூலோம் மாதிரியில் பிணைவையும் உராய்வுக் கோணத்தின் தானையும் ஒரே எண்ணால் வகுத்துக்கொண்டே போக வேண்டும். 0.8இல் தொடங்கி 0.1 படியாக ஏற்றி, குலையும் இடத்தைக் கண்டதும் பாதி பாதியாக நெருக்கி 0.01 வரை துல்லியமாக்குங்கள். சரிவு குலையும் அந்த எண்தான் பாதுகாப்புக் காரணி. ஒவ்வொரு தடவையும் அதே தொடக்கத் தகைப்பிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். விரிவுக் கோணம் பூச்சியம்.

"ஒருங்கவில்லை, ஆகவே இடிந்தது" என்று மட்டும் முடிவெடுக்க வேண்டாம். மோர்–கூலோம் பரப்பின் கூர்முனைகளில் தீர்வு தடுமாறினாலும் ஒருங்காது, கெட்ட வடிவமுள்ள ஒரு மூலகம் இருந்தாலும் ஒருங்காது. உச்ச இடப்பெயர்ச்சியைக் குறைப்பு எண்ணுக்கு எதிரே வரையுங்கள். கோடு திடீரென நிமிர வேண்டும், அந்த நிமிர்வோடு வெட்டு விகாரப் பட்டை உச்சியிலிருந்து அடிவாரம் வரை தொடர்ச்சியாக ஓட வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் அது சரிவின் முறிவு. மேற்பரப்பில் ஒரு மூலகம் மட்டும் உதிர்ந்து கணக்கை நிறுத்தினால், மேல் அரை மீற்றருக்கு 1 கிலோபாஸ்கல் பிணைவு கொடுத்துப் பாருங்கள். தேயிலை வேரின் பிடிப்பையும் அந்த மேலடுக்குக்கு மட்டும் கொடுங்கள். நான்கு மீற்றர் ஆழத்தில் வழுக்கும் தளத்தை வேர் தைத்து நிற்காது.

நிரல் சரியா என்று பார்க்க கிரிபித்ஸ், லேன் இருவரும் 1999இல் வெளியிட்ட முதல் உதாரணத்தை ஓட்டுங்கள். கிடையாக 2, செங்குத்தாக 1 என்ற சாய்வு, அடித்தள அடுக்கு இல்லை, உராய்வுக் கோணம் 20 பாகை, பிணைவை அலகு நிறையாலும் உயரத்தாலும் வகுத்தால் 0.05. விடை 1.4க்கு அருகே வர வேண்டும், பிஷப்–மோர்கன்ஸ்டர்ன் அட்டவணை 1.38 தருகிறது. 1.5 வந்தால் மூலகம் பூட்டியிருக்கிறது. பிறகு மேலே கையால் போட்ட 30 பாகைச் சரிவை நீளமாக வரைந்து 1.24, 0.95 இரண்டும் வருகின்றனவா பாருங்கள். கடைசியாக வலையை இரு மடங்கு நுணுக்குங்கள். காரணி 0.02க்கு மேல் மாறினால் வலை இன்னும் பருமன்தான். வெட்டுப் பட்டையின் தடிப்பு வலையோடு மாறும், அதை மண்ணின் பண்பாக வாசிக்கக் கூடாது.

இப்போது நீர்க் கணக்கின் 0, 6, 12, 24, 48, 72 மணித்தியாலப் புலங்களை ஒவ்வொன்றாக ஊட்டுங்கள். மழை நின்றதும் கணக்கை நிறுத்திவிடாதீர்கள். மேலே விழுந்த நீர் பாறைத்தளத்தை அடையக் காலம் எடுக்கும், ஆகவே காரணியின் அடிமட்டம் மழை ஓய்ந்த பிறகே வரலாம். இன்னும் ஏழு நாள் ஓட்டுங்கள். "மழை விட்டாச்சு, வீட்டுக்குப் போகலாமா" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் அந்த ஏழு நாள் வளைகோட்டில் இருக்கிறது.

வடிகால் துளைகளைச் சேர்ப்பது

சரிவுக்குள் கிடையாகத் துளையிட்டுக் குழாய் செருகும் திட்டத்தைச் சோதிக்கும்போது, குழாய் போகும் கணுக்களில் கசிவு நிபந்தனை வைப்பார்கள். இரு பரிமாணத்தில் அந்தக் கோடு, பக்கவாட்டில் முடிவில்லாமல் நீளும் ஒரு பிளவாகிவிடும். உண்மையில் குழாய்கள் 5 மீற்றருக்கு ஒன்றுதான். நீர்மட்டம் கணக்கில் மளமளவென இறங்கும், மலையில் இறங்காது. இடைவெளியில் பாதியை, 2.5 மீற்றர் தடிப்புள்ள முப்பரிமாணத் துண்டாக எடுத்து, இருபக்கமும் சமச்சீர் எல்லையாக மூடி, ஒரு முகத்தில் குழாயின் பாதியை வையுங்கள். அந்தத் துண்டில் நடு இடைவெளியில் நிற்கும் நீர்மட்டத்தையே வடிவமைப்புக்கு எடுங்கள். குழாய் வாயில் வேரும் மண்ணும் அடைத்துப் பாய்வு பாதியானால் என்ன ஆகும் என்பதையும் ஒரு தடவை ஓட்டி, அந்த வளைகோட்டையும் அறிக்கையில் சேருங்கள். நடு இடைவெளியில் நீரமுக்கம் அளக்கும் ஒரு பீசோமீற்றர் இறக்க வேண்டிய இடத்தையும் ஆழத்தையும் அதே துண்டிலிருந்து குறித்துக் கொடுங்கள்.